கரிமூட்டத்தருகே கேட்ட கதை

கதை சொல்வது நமக்குக் கைவந்த கலை என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். தொடக்கப் பள்ளி ஆசிரியராக முப்பது ஆண்டுகளை நெருங்கியவருக்கு அத்தகைய எண்ணம் தோன்றுவது இயல்பே. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருப்பார்கள். "ஒரு ஊர்ல ஒரு ராசா..." என்று மெல்லத் தொடங்கினால் போதும்; கடைசி வரிசைப் பையன்கூட வாய் மூடிக் காது கொடுப்பான். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் அதே உத்திதான். பின்னர் அன்பியப் பொறுப்பு வந்தபோது, குடும்பச் சண்டை, கடன் தொல்லை, குடிப்பழக்கம் என எதற்கும் நம்மிடம் ஒரு கதை ஆயத்தமாக இருந்தது. மருந்துக் கடைக்காரர் நோயின் பெயரைக் கேட்டதும் மாத்திரை எடுத்துத் தருவதைப் போல நாமும் கதைகளை எடுத்துத் தந்துகொண்டிருந்தோம்.

அது கதை சொல்லும் முறையன்று என்பதைக் கமுதிக்கு அருகே ஒரு கரிமூட்டத்தின் பக்கத்தில், மாசி மாதத்து இரவொன்றில் கற்றுக்கொண்டோம்.

எங்கள் பகுதியை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். கமுதி, இராமநாதபுரம் மாவட்டத்தில் குண்டாற்றங்கரையில் உள்ள ஊர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டையின் சிதைவுகள் இன்றும் ஆற்றங்கரையில் உள்ளன. ஊருக்கு அப்பால், 2016-இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் தகடுகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெயிலை வாங்கிக்கொண்டு கிடக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே எங்கள் மக்களின் வாழ்வு வானத்தைப் பார்த்தே நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாவிட்டால் கண்மாய் நிறையும்; நெல்லும் பருத்தியும் முண்டு மிளகாயும் கைகொடுக்கும். அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மழை பொய்த்துவிட்டால், தரிசு நிலமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமே சோறு போடும். அதை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்குவது பல நூறு குடும்பங்களின் பிழைப்பு.

மூட்டம் போடுவது பொறுமையை வேண்டும் வேலை. விறகையும் தூரையும் நெருக்கமாக அடுக்கி, தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் பூசி மூடுவார்கள். உச்சியில் நெருப்பிட்டு, அடியில் சிறு துளைகளை மட்டும் விடுவார்கள். உள்ளே விறகு எரியாமல், வெந்து கரியாக வேண்டும். மண்பூச்சில் எங்காவது வெடிப்பு விட்டுக் காற்று புகுந்தால் தீ பற்றிக்கொள்ளும். பல நாள் உழைப்பு சாம்பலாகிவிடும். ஆகவே மூட்டம் வேகும் நாளெல்லாம் யாராவது ஒருவர் இரவும் பகலும் அருகிலேயே காவலிருப்பார். புகை கனத்து வெளுத்து வருகிறதா, மெலிந்து நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்தே உள்ளே நடப்பதை அறிவார்.

அப்படிக் காவலிருந்த ஒரு பெரியவரைத் தேடித்தான் அன்றிரவு சென்றோம். அது தவக்காலம். ஆலயம் வருவதை நிறுத்திவிட்ட குடும்பங்களைச் சந்தித்து வரும்படி பங்குத்தந்தை கேட்டிருந்தார். பெரியவரின் ஒரே மகன் மூன்று ஆண்டுகளுக்கு முன் சண்டையிட்டு வீட்டைவிட்டுப் போனவர். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை என்று உறவினர் வழியாகத் தெரிந்ததே தவிர, தந்தைக்கும் மகனுக்கும் பேச்சில்லை. பெரியவரும் அதிலிருந்து கோயில் வாசலை மிதிக்கவில்லை. செய்தியைக் கேட்டதுமே நம் மனம் லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தை எடுத்துவிட்டது. ஊதாரி மைந்தன் உவமை இவருக்கென்றே சொல்லப்பட்டதுபோல இருக்கிறதே!

கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, வகுப்பறையில் பழகிய ஏற்ற இறக்கத்தோடு சொன்னோம். தொலைவிலேயே மகனைக் கண்டு தந்தை ஓடியதையும், கட்டித் தழுவியதையும், மோதிரத்தையும், கொழுத்த கன்றையும் ஒன்றுவிடாமல் சொன்னோம். முடிவில், "மன்னிக்கும் மனந்தான் பெரிது, ஐயா" என்று ஒரு கருத்துரையும் சேர்த்தோம்.

பெரியவர் உடனே எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய், மூட்டத்தில் விட்டிருந்த ஒரு வெடிப்பை ஈரமண் வைத்து அடைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, பிறகு சொன்னார்:

"நல்ல கதைதான் வாத்தியாரையா. சின்ன வயசுல உபதேசியார் சொல்லிக் கேட்டிருக்கேன். ஆனா அந்தத் தகப்பன்கிட்டச் சொத்து இருந்துச்சு. மகன் பங்கைக் கேட்டான், பிரிச்சுக் குடுத்தாரு. எம்மகன் கேட்டப்ப எங்கிட்ட என்ன இருந்துச்சு? வெளிநாடு போக ஏசண்டுக்குக் கட்டணும், எழுபதாயிரம் வேணும்னான். இல்லாத கோவத்துல கையை நீட்டிட்டேன். அவனுக்கு நான் குடுத்தனுப்புன பங்கு அந்த அடி மட்டுந்தான். எதைச் செலவழிச்சுத் தீத்துட்டு அவன் திரும்பி வருவான்?"

நம்மிடம் பதில் இல்லை. அந்த உவமையை எத்தனையோ முறை படித்திருக்கிறோம். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். கொடுப்பதற்கு அத்தந்தையிடம் ஏதோ இருந்தது என்பது ஒருமுறையாவது நம் கண்ணில் பட்டதில்லை. கொடுக்க ஏதுமற்ற ஒரு தந்தைக்கே அது தெரிந்தது. அவரை மன்னிக்கச் சொல்ல வந்தோம். அவரோ மன்னிக்கப்பட வேண்டியவராகத் தம்மை எண்ணி மூன்று ஆண்டுகளாக வெந்துகொண்டிருந்தார். இதை அறிந்துகொள்ள நாம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

அதன்பின் நாம் பேசவில்லை. விடியும்வரை அவர்தாம் பேசினார். தமக்கு மணமான ஆண்டில் கண்மாய் மறுகால் பாய்ந்ததைச் சொன்னார். மிளகாய்ச் செடி பூவோடு கருகி நின்ற ஆண்டுகளைச் சொன்னார். புகையைப் பார்க்கத் தமக்குக் கற்றுத்தந்த தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். பதினாறு வயதில் தாமும் அடி வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியவர்தாம். பதினோராம் நாள் பரமக்குடிப் பேருந்து நிலையத்தில் படுத்திருந்தவரைத் தகப்பனார் கண்டுபிடித்துவிட்டார். "திட்டலை, அழுவலை, ஒரு வார்த்தை பேசலை. டீ வாங்கிக் குடுத்தாரு. நான் குடிக்கிற வரைக்கும் என் கிளாசையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் பஸ்ஸேறுனோம்" என்றார். சற்று நேரங்கழித்து, "இதை நான் எம்மகன்கிட்டச் சொன்னதே இல்லை" என்றார்.

"சொல்லலாமே, ஐயா" என்றோம். அன்றிரவு நாம் சொன்னவற்றுள் உருப்படியானது அந்த ஒரு சொற்றொடர்தான்.

முதலில் கேட்டவர்

வீடு திரும்பும் வழியில் எம்மாவு சாலை நினைவுக்கு வந்தது. எருசலேமில் நடந்தவற்றை எண்ணி மனமுடைந்து இரு சீடர்கள் நடந்து போகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். அவர் முதலில் செய்தது என்ன? மறைநூலை விளக்கவில்லை; தம்மை வெளிப்படுத்தவுமில்லை. வழியில் என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் முகவாட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவருடைய கதையையே அவரிடம், அரைகுறையாகவும் நம்பிக்கையின்றியும் சொல்கிறார்கள். நடந்தது அனைத்தையும் அவர்களைவிட நன்றாக அறிந்தவர் அவர். ஆயினும் முழுவதும் கேட்கிறார். அவர்கள் மனத்தில் இருந்ததெல்லாம் வெளிவந்த பிறகே தம் விளக்கத்தைத் தொடங்குகிறார். உள்ளம் பற்றியெரிந்ததாகச் சீடர்கள் பின்னர் சொல்லிக்கொண்ட அனுபவம், அவர்கள் பேசி முடித்த பிறகு நேர்ந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை.

இறைவாக்கினர் நாத்தானும் அப்படியே. தாவீது அரசரின் பாவத்தை அவர் நேரடியாகச் சாடவில்லை. ஏழை ஒருவன் மகள்போல் வளர்த்த ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். கேட்பவர் ஒருகாலத்தில் ஆடு மேய்த்த இளைஞர் என்பது நாத்தானுக்குத் தெரியும். அரசருக்குள் இருந்த ஆயனைத் தேடிச்சென்று அக்கதை தட்டியது. ஆகவேதான் தாவீது தம் வாயாலேயே தமக்குத் தீர்ப்பு எழுதினார். நாத்தான் அரசரின் வாழ்வை அறிந்து கதை சொன்னார். நாமோ அதிகாரத்தையும் வசன எண்ணையும் மட்டும் அறிந்து கதை சொன்னோம்.

இந்த மண்ணில் நமக்கு முன்னே நற்செய்தி சொன்னவர்களும் இப்பாடத்தைக் கற்றே சொன்னார்கள். 1549-இல், நம் மாவட்டக் கடற்கரையிலுள்ள வேதாளையில் அந்தோனி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டபின், முத்துக்குளித்துறை மறைப்பணியின் தலைமை என்றிக் அடிகளாரிடம் வந்தது. போர்த்துகீசியரான அவர் கடற்கரை மக்களிடமிருந்து தமிழைக் காதால் கற்றார். அம்மொழிக்கு இலக்கணமும் எழுதினார். 1578-இல் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது. 1586-இல் வெளிவந்த அவருடைய 'அடியார் வரலாறு' முழுவதும் புனிதர்களின் கதைகளே. அந்நூலில் அக்காலக் கடற்கரை மக்களின் பேச்சு வழக்குகள் பல அப்படியே காணப்படுகின்றன என்று தமிழறிஞர் சுட்டுவர். அவர் பல்லாண்டுகள் கேட்ட மொழி, பின்னர் அவர் சொன்ன கதைகளின் மொழியாயிற்று.

புனித அருளானந்தரின் வரலாற்றிலும் நாம் அதிகம் பேசாத ஒருவர் உண்டு. நோயுற்றிருந்த தடியத் தேவர் அழைத்தபோது, அருளானந்தர் முதலில் அனுப்பியது ஓர் உபதேசியாரை. அவர்தாம் நோயாளியின் அருகே அமர்ந்து நற்செய்தியை வாசித்து மன்றாடினார். தேவர் நலமடைந்தார், திருமுழுக்குப் பெற்றார். அதன் விளைவாக அருளானந்தர் கைதாகி, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அதற்கு முன்தினம் சிறையில் கரித்தூளை நீரில் குழைத்துத் துரும்பால் அவர் மடல் எழுதியதை நாம் ஆண்டுதோறும் மறையுரைகளில் கேட்கிறோம். அந்த உபதேசியாரையோ மறந்துவிடுகிறோம். நம் தாத்தா பாட்டிகளுக்கு விவிலியம் வந்து சேர்ந்தது புத்தகமாக அன்று. இத்தகைய உபதேசியார்களின் குரலாகவே வந்தது. அவர்கள் அதே ஊரின் தண்ணீரைக் குடித்து, அதே வறட்சியைத் தாங்கியவர்கள். யார் வீட்டில் என்ன துயரம் என்பதை அறிந்தவர்கள். நாம் தேடிச் சென்ற பெரியவர் சிறுவயதில் உபதேசியாரிடம் கேட்ட உவமையை ஐம்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருந்ததற்குக் காரணம் அதுவாகவே இருக்க வேண்டும்.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் ஒரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறியதும் ஆளை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைவார். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லோரும் ஒப்பாரி வைப்பார்கள். வகுப்பில் இதைச் சொல்லிப் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். கதை சொல்லுகையில் நம்மை விட்டுவிட்டே நாமும் எண்ணிவந்தோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

தத்தம் கதை

இது ஒரு தந்தை மகன் பற்றிய செய்தி மட்டுமன்று. கமுதி போன்ற ஊரில் வாழ்பவர்களுக்கு இதில் வேறொரு பொருளும் உண்டு.

1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் மக்கள் சிலர் சென்று வழிபட்டது வழக்காயிற்று. மதுரையில் தொடங்கிச் சென்னை உயர்நீதிமன்றம் சென்று, 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் அவ்வழக்கு நாடார்களுக்கு எதிராக முடிந்தது. எல்லாருக்கும் ஆலயக் கதவைத் திறக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வர 1939 ஆக வேண்டியிருந்தது. 1957-இல் முதுகுளத்தூர்ப் பகுதி கலவரத்தில் எரிந்தது. இவை வரலாற்று நூல்களில் உள்ளவை. நூல்களில் இல்லாதது, ஒவ்வொரு தெருவிலும் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. ஒரு தெருவின் கதையில் வீரனாக வருபவர் அடுத்த தெருவின் கதையில் வேறாக வருவார். ஒவ்வொருவரும் தம் கதையைத் தம்மவரிடமே சொல்கிறோம், தம்மவரிடமிருந்தே கேட்கிறோம். கதை நம்மை இணைக்கிறது என்று பெருமை பேசுகிறோமே, தம்மவரோடு மட்டும் இணைத்து மற்றவரிடமிருந்து பிரித்துவைப்பதும் அதே கதைதான் என்பதை மறுக்க முடியுமா?

நாம் இதற்கு விதிவிலக்கு என்று கத்தோலிக்கர் மார்தட்டிக்கொள்ளவும் வழியில்லை. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்துநின்ற சுவர் இடிக்கப்பட்டது 1910-இல்தான். கல்லறைத் தோட்டங்களில் அத்தகைய சுவர்கள் அதன்பின்னும் நெடுநாள் நின்றன. 1992-இல் பாமா எழுதிய 'கருக்கு' வெளிவந்தபோது, நம்மிடையே வளர்ந்த ஒரு பெண், துறவு வாழ்வையும் நேரில் கண்டவர், தலித் கிறிஸ்தவராகத் தாம் பட்டதை எழுதியிருந்தார். நம்மில் பலருக்கு முதலில் வந்தது கோபம். நம் வீட்டுக் குறையை வெளியே சொல்லிவிட்டாரே என்ற கோபம். இவ்வளவு காலம் அதை வீட்டுக்குள் ஏன் நாம் கேட்கவில்லை என்ற கேள்வி பிறகே வந்தது. சிலருக்கு இன்னும் வரவில்லை.

நல்ல சமாரியர் உவமையை ஆண்டவர் சொல்லி முடித்ததும் கேட்ட கேள்விக்குச் சட்ட அறிஞர் தந்த பதிலைக் கவனித்திருக்கிறோமா? இரக்கம் காட்டியவரே என்கிறார். சமாரியர் என்ற சொல்லை அவர் நா உச்சரிக்கவில்லை. கதை அவரைப் பாதி வழிவரை அழைத்து வந்துவிட்டது. மீதி வழியை அவரே நடந்து கடக்க வேண்டும். அவர் நடந்தாரா என்று லூக்கா சொல்லவில்லை. ஊதாரி மைந்தன் உவமையிலும், வெளியே நின்று கோபித்த மூத்த மகன் விருந்துக்குள் வந்தானா என்பது சொல்லப்படவில்லை. ஆண்டவர் தம் கதைகளைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறார். நாமோ கருத்துரை என்று ஒரு பூட்டையும் போட்டே கொடுத்துப் பழகிவிட்டோம்.

வகுப்பறையில் ஒரு முயற்சி

கரிமூட்டத்து இரவுக்குப் பின் நம் ஆசிரியப் பணியில் இரண்டே ஆண்டுகள் மீதமிருந்தன. அக்காலத்தில் வகுப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். இரு தெருக்களைச் சேர்ந்த இரண்டு மாணவர்கள் தண்ணீர்க் குழாயடியில் தினமும் அடித்துக்கொள்வார்கள். ஒற்றுமையாயிருந்த காளைகளையும் சிங்கத்தையும் பற்றிய கதையை அவர்களுக்குப் பலமுறை சொல்லியாயிற்று. சிங்கத்துக்காக இருவரும் சண்டையிட்டதுதான் மிச்சம்.

ஆகவே இம்முறை நாம் கதை சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பெரியவர்களிடம், அவர்கள் சிறுவயதில் நடந்த ஒன்றைக் கேட்டுவர வேண்டும். மறுநாள் அதைப் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல வேண்டும். வகுப்புக்கு முன்னால் வந்து பக்கத்திலிருப்பவன் அக்கதையைச் சொல்ல வேண்டும். தன் பாட்டியின் கதையை அன்று. அடுத்தவன் பாட்டியின் கதையை. கதைக்கு உரியவன், "சரியாச் சொன்னான், சார்" என்று ஒப்புக்கொண்டால்தான் கைதட்டல். அந்த இருவரையும் ஒரே பலகையில் உட்காரவைத்தோம்.

முதல் நாள் இருவருமே தோற்றார்கள். ஒழுங்காகக் கேட்காததால் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. இரண்டாம் முறை ஒருவன் சொன்னான்: அடுத்தவனுடைய பாட்டி சிறுமியாக இருந்தபோது, பஞ்சத்தில் ஊரில் கஞ்சித்தொட்டி திறந்தார்களாம், பாத்திரம் இல்லாததால் பனையோலைப் பட்டையில் கஞ்சி வாங்கிக் குடித்தாராம், பட்டையின் ஓட்டை வழியே ஒழுகியதை நினைத்தால் இப்போதும் அழுகை வருமாம். சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தி, "சார், எங்க பாட்டியும் அந்தக் கஞ்சித்தொட்டியிலதான் குடிச்சுச்சாம்" என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு இருவரும், வரிசையில் யார் பாட்டி முன்னால் நின்றது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். அது பழைய சண்டையன்று. இருவரும் சிரித்துக்கொண்டே போட்டது.

இதனால் இரு தெருக்களும் ஒன்றாகிவிட்டன என்று எழுத மாட்டோம். பிள்ளைகள் வளர்வார்கள், தெருவின் கதை மீண்டும் அவர்கள் காதில் விழும். ஆயினும் அடுத்த தெருவின் கதையை ஒருமுறையாவது தன் நாவால், அந்தத் தெருக்காரன் ஒப்பும்படி சொன்னவன் அதை முழுவதும் மறந்துவிட முடியாது என்று நம்புகிறோம்.

இதே முறையை அன்பியத்திலும் பின்பற்றிப் பார்த்தோம். இறைவார்த்தைப் பகிர்வில் ஒருவர் பேசியபின் அடுத்தவர் உடனே தம் கருத்தைச் சொல்லாமல், முன்னவர் சொன்னதை முதலில் தம் சொற்களில் சொல்ல வேண்டும். அவர் தலையசைத்தபின் தம்முடையதைத் தொடங்கலாம். தொடக்கத்தில் எரிச்சலாகவே இருந்தது. கூட்டம் நீண்டது, இருவர் வருவதையே நிறுத்திவிட்டனர். ஆனால் இருபது ஆண்டுகளாக ஒரே தெருவில் வாழும் ஒரு தாய், "நான் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்று சொன்ன இரவு, தொடரலாம் என்று முடிவு செய்தோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியைக் கதை சொல்வதைக் குறித்து எழுதினார். அதற்கு விடுதலைப் பயண நூலிலிருந்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்பதைப் பற்றிய வரியைத் தேர்ந்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2022-இல், இதயத்தின் செவியால் கேட்பதைக் குறித்து எழுதினார். கரிமூட்டத்து இரவை அறிந்த நமக்கு, பின்னதை முன்னதாகப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பெரியவர் கேட்ட கேள்வி

பெரியவர் கதைக்கு வருவோம். அண்டை வீட்டு இளைஞர் ஒருவரின் கைப்பேசியில், பரமக்குடிப் பேருந்து நிலையத்தில் தம் தகப்பனார் டீ வாங்கித் தந்த கதையை அவர் தம் குரலிலேயே பதிவு செய்தார். வா என்றோ, மன்னித்துவிடு என்றோ அதில் ஒரு சொல் இல்லை. உறவினரிடம் எண் வாங்கி, வாட்ஸ்அப் வழியாக அது மகனுக்குப் போயிற்று. இரண்டு வாரம் எந்தப் பதிலும் இல்லை. உயிர்ப்பு விழாவுக்கு அடுத்த வாரம் அழைப்பு வந்தது. மகன் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா டீ வாங்கிக் குடுத்தது எந்தக் கடையிலப்பா?" என்பதாம். அதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் உடைந்தது.

மகன் இன்னும் திருப்பூரில்தான் இருக்கிறார். ஊரோடு வந்துவிடவில்லை, வந்தாலும் இங்கே அவருக்கு வேலை இல்லை. மாதம் இரண்டு மூன்று முறை பேசுகிறார். கிறிஸ்துமசுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். பெரியவர் மீண்டும் திருப்பலிக்கு வருகிறார். அன்பியத்தில் ஒருமுறை ஊதாரி மைந்தன் உவமையைத் தாமே சொன்னார். அவர் சொன்ன கதையில், மகன் போன நாள் முதல் அந்தத் தந்தை இரவில் தூங்கவே இல்லை. மூட்டத்துக்குக் காவலிருப்பவன்போல வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நற்செய்தியில் அது இல்லை. தொலைவில் வரும்போதே மகனைக் கண்டார் என்றால் வேறெப்படிக் கண்டிருக்க முடியும்?

அன்று கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபின் பெரியவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "எங்க எல்லார் கதையும் கேட்டுட்டீங்க வாத்தியாரையா. உங்க கதையைச் சொன்னதே இல்லையே?"

சிரித்து மழுப்பப் பார்த்தோம். அவர் விடவில்லை. புகையைப் பார்த்து உள்ளே நடப்பதை அறியும் கண்கள் அவை.

சொன்னோம். நமக்கு ஓர் அண்ணன் உண்டு. தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டைப் பிரித்ததில் ஒரு சுவரைப் பற்றி வந்த பேச்சு, பதினான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லாமல் நின்றுவிட்டது. திருமணத்துக்குப் போகவில்லை, துக்கத்துக்குப் போய், முகம் பார்க்காமல் திரும்பினோம். அத்தனை ஆண்டுகளும் மன்னிப்பைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். ஆற்றைக் கடந்த ஆட்களை எண்ணும்போதெல்லாம் நம்மை விட்டுவிட்டே எண்ணினோம்.

பெரியவர் கருத்துரை எதுவும் சொல்லவில்லை. "அண்ணன் எந்த ஊருல இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை பேருந்து ஏறினோம். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம். கதவைத் திறந்த அண்ணன் தளர்ந்துபோயிருந்தார். சற்று நேரம் நம்மையே பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார். ஒத்திகை பார்த்த எதையும் நாம் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, "அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றோம். பதினான்கு ஆண்டுகளாக அவர் பக்கத்தில் இருந்த கதையை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். அதில் நாம் செய்ததாக அவர் சொன்ன சில, நாம் மறந்தே போனவை, ஆனால் உண்மையானவை.

வாசக அன்பர்களே, இத்தவக்காலத்தில் உங்களுக்கும் யாரிடமாவது சொல்ல ஒரு நல்ல கதை இருக்கலாம். அதைச் சொல்லும் முன், அவர் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள். எம்மாவு செல்லும் வழியில் ஆண்டவர் செய்தது அதுவே.